மின்சாரக் காருக்கு மாறுமுன்: நுரைச்சோலையிலிருந்து ஒரு கணக்கு

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதன் பிறகு கொழும்பு வீதிகளில் புதிதாகத் தெரியும் கார்களில் கணிசமானவை சீனாவிலிருந்து வந்த மின்சாரக் கார்கள். சிலாபம் – புத்தளம் வீதியிலும் அவை இப்போது கண்ணில் படுகின்றன. பெற்றோல் கார் வைத்திருப்பவர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே கேள்விதான்: மாறலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா?

பெரும்பாலும் இது பணக் கணக்காகவே பேசப்படுகிறது. சூழலைப் பற்றி யாராவது கேட்டால், "இதில் புகைக்குழாயே இல்லையே" என்ற பதில் தயாராக இருக்கும். கொழும்பில் அது போதுமான பதிலாக இருக்கலாம். கற்பிட்டிக் குடாநாட்டில் இருப்பவருக்குப் போதாது. அந்தக் காரின் புகைக்குழாய் எங்கே நிற்கிறது என்பது அவருக்கு வீட்டு வாசலிலிருந்தே தெரியும்.

நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் முதல் அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. மூன்று அலகுகள், ஒவ்வொன்றும் 300 மெகாவோட், மொத்தம் 900. முழு நிலையத்தையும் 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் வந்திருந்தபோது திறந்துவைத்தார்கள். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே இடத்திலிருந்து வருகிறது. அதற்காக ஆண்டொன்றுக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி எரிகிறது.

ஒரு சாதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நடுத்தர அளவு மின்சாரக் கார் ஒன்று 100 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 16 அலகு மின்சாரம் எடுக்கும். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடினால் 160 அலகு. சார்ஜ் ஏற்றும்போதும் மின்கம்பியிலும் இழக்கப்படுவதைச் சேர்த்தால், மின்நிலையம் 190 அலகு அளவில் உற்பத்தி செய்ய வேண்டும். அது முழுவதும் நிலக்கரியிலிருந்து வருவதாக வைத்துக்கொண்டால், மாதம் 75 கிலோ நிலக்கரி. தரத்தைப் பொறுத்து அதில் பத்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், அதாவது 7 கிலோ. காற்றில் கலக்கும் கரியமிலவாயு 180 கிலோ அளவில் வரும். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் கார் அதே தூரத்துக்கு 67 லீற்றர் எரித்து 155 கிலோ வரை வெளிவிடும். எண்ணெயைத் தோண்டி, சுத்திகரித்து, கப்பலில் கொண்டுவருவதற்கான கணக்கையும் சேர்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முழுக்க நிலக்கரியில் ஓடும் மின்சாரக் கார் பூமிக்கு எந்த இலாபமும் தரவில்லை. கொழும்பின் காற்றுக்கு இலாபம், நுரைச்சோலைக்கும் நரக்களிக்கும் மாம்புரிக்கும் நட்டம்.

ஆனால் இலங்கையின் மின்சாரம் முழுக்க நிலக்கரியில் வருவதில்லை. நீர், காற்று, சூரியன் என்று பெரிய பங்கு இருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் மின்சாரக் கார் பெற்றோல் காரை விட நன்றாகவே முந்துகிறது. சிக்கல் "சராசரி" என்ற சொல்லில்தான். கார் சராசரி மின்சாரத்தில் சார்ஜ் ஆவதில்லை, ஒரு குறிப்பிட்ட மணிநேரத்தின் மின்சாரத்தில் சார்ஜ் ஆகிறது. இரவு பதினொரு மணிக்கு வயரைச் செருகினால் சூரியன் கணக்கில் இல்லை. இரவு முழுவதும் ஓடிக்கொண்டிருப்பது நுரைச்சோலை.

நண்பகலில் நிலைமை தலைகீழ். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் போனது பலருக்கும் நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததே காரணம் என்று சொல்லப்பட்டது, நாடே சிரித்தது. குரங்குக் கதைக்குப் பின்னால் இருந்த காரணம் அவ்வளவு சிரிப்புக்குரியதல்ல. ஞாயிறு பகலில் மின்சாரத் தேவை குறைவு, கூரைகளிலிருந்து வந்த சூரிய மின்சாரம் அதிகம். அப்படிப்பட்ட வேளையில் சிறு அதிர்ச்சியைக்கூட மின்கட்டமைப்பால் தாங்க முடியவில்லை. நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றன. அவற்றை மீண்டும் இயக்க நாட்கள் பிடித்ததால், அடுத்த நாட்களில் சுழற்சி முறையில் மின்வெட்டு. இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரிய மின்சாரத்தைப் பகல் வேளையில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை மக்களிடம் கேட்டுக்கொண்டது. தேவைக்கு மேல் மின்சாரம் வருகிறது, வாங்க ஆளில்லை.

நிலக்கரி அலகை விளக்கைப் போல அணைத்து ஏற்ற முடியாது. இரவுக்குத் தேவை என்பதால் பகலிலும் அதைக் குறைந்தபட்ச அளவில் எரியவிட வேண்டும். அதற்கு இடம்விட்டு, வெளிச்சம் கொட்டும் நேரத்தில் சூரிய மின்சாரத்தைத் தள்ளிவிடுகிறோம். இந்தப் பகல் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள மிகப் பொருத்தமான பொருள், ஓடாமல் நிற்கும் ஒரு மின்சாரக் கார். நாளில் இருபது மணிநேரத்துக்கு மேல் நிற்பதுதான் பெரும்பாலான கார்களின் தொழில். அலுவலகத்தின், பாடசாலையின், கடைத்தெருவின் வாகனத் தரிப்பிடத்தில் அது நண்பகலில் சார்ஜ் ஆனால், அந்த 75 கிலோ நிலக்கரிக்கு வேலையே இல்லை.

நமது கட்டண முறை எதைச் சொல்கிறது? பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கும் நேர அடிப்படையிலான கட்டணத்தில் மாலை 6.30 முதல் 10.30 வரை அதிக விலை, பகலுக்கு நடுத்தர விலை, இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை மிகக் குறைந்த விலை. சூரிய மின்சாரம் பெரிதாக இல்லாத காலத்தில் வகுத்த கணக்கு இது. அப்போது நியாயமாகத்தான் இருந்தது. இன்று அதே அட்டவணையைப் பின்பற்றுவது மின்சாரக் கார் வாங்குபவரைக் கையைப் பிடித்து நிலக்கரி நேரத்துக்குக் கூட்டிப் போவதாகும். கூரைச் சூரிய மின்சாரத்துக்கு அரசு கொடுக்கும் விலையை 2025இல் குறைத்தார்கள். பகலில் பெறுமதி குறைவு என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. விற்பவருக்குப் பகல் மின்சாரம் மலிவு என்றால், வாங்குபவருக்கும் அது மலிவாக இருக்க வேண்டாமா?

சாதாரண வீட்டு இணைப்பில் இன்னொரு பொறியும் இருக்கிறது. கட்டணம் படிகளாக ஏறுகிறது, 180 அலகைத் தாண்டினால் கடைசிப் படி. காருக்கு மட்டும் 170, 180 அலகு தேவைப்படும் வீட்டில், ஏற்கெனவே குளிரூட்டி, தண்ணீர்ப் பம்பு என்று ஓடிக்கொண்டிருந்தால், காரின் மின்சாரம் முழுவதும் மிக உயர்ந்த விலையில்தான் விழும். பெற்றோலை விட அப்போதும் மிச்சம்தான், ஆனால் விற்பனையாளர் சொன்ன அளவுக்கு அல்ல. கூரையில் சோலர் உள்ளவர்கள் மட்டும் பகலில் தங்கள் மின்சாரத்தையே காருக்கு ஏற்றி நிம்மதியாக இருக்கலாம்.

நுரைச்சோலைக்குத் திரும்புவோம். நிலக்கரிக் கப்பல்கள் செப்டெம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான் வர முடியும். தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிப்பதால் ஆழ்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து கரையிறக்க வழியில்லை. ஆகவே மே மாதமளவில் முற்றத்தில் நிலக்கரி மலைபோலக் குவிந்திருக்கும். அதே வேளையில்தான் சோளகக் காற்று பிடிக்கிறது. நிலையம் மேற்குக் கரையில், ஊர்கள் அதற்குக் கிழக்கே. தூசி எந்தப் பக்கம் போகும் என்று விளக்கத் தேவையில்லை. காற்றுத் தடுப்பு வேலிகளுக்குப் பிறகும் வெங்காயப் பாத்தியிலும் மரக்கறித் தோட்டத்திலும் கறுப்புப் படிவதைப் பற்றிய முறைப்பாடுகள் ஓயவில்லை. மீனவர்களுக்கு இறங்குதுறையைச் சுற்றிய கடல் பழையபடி இல்லை.

இதே சோளகக் காற்றுதான் குடாநாட்டின் காற்றாலைகளையும் சுழற்றுகிறது. 2010இல் மாம்புரியில் தொடங்கிய தனியார் காற்றாலைகள் பின்னர் இக்கரையோரம் நெடுகப் பரவின. வடக்கே மன்னாரில் காற்றாலைகளுக்கு எதிராக 2025இல் மக்கள் வீதியில் இறங்கினார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. தூய மின்சாரத்துக்கும் நிலம் வேண்டும், அந்த நிலத்தில் யாரோ வாழ்கிறார்கள். புத்தளம் இரண்டையும் சுமக்கிறது, கரியையும் காற்றையும்.

சுமப்பவருக்கு என்ன கிடைக்கிறது? இறக்குமதியாகும் புதிய மின்சாரக் கார்களின் விலை ஒரு கோடி ரூபாயைச் சுற்றியும் அதற்கு மேலும் நிற்கிறது. வரி, மோட்டாரின் கிலோவோட் அளவை வைத்து விதிக்கப்படுகிறது. 100 கிலோவோட்டைத் தாண்டினால் வரி வீதமே ஏறிவிடும். பி.வை.டி. கார்கள் சிலவற்றின் மோட்டார் 100 கிலோவோட்டா, 150ஆ என்று சுங்கத்துக்கும் இறக்குமதியாளருக்கும் இடையில் 2025இல் எழுந்த தகராறு நீதிமன்றம் வரை போனது இதனால்தான். கஜானாவுக்கு வாகன வரி இன்று பெரிய ஊற்று. அரசு எளிதில் விட்டுக்கொடுக்காது.

2022இல் ஒரு வாசல் திறந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தாங்கள் அனுப்பிய பணத்தின் ஒரு பகுதிக்கு மின்சார வாகனம் இறக்குமதி செய்ய அனுமதிக்கப்பட்டார்கள். வளைகுடாவுக்குப் போகாத ஆள் இல்லாத தெரு புத்தளத்தில் அரிது. ஆனால் வீட்டுப் பணிப்பெண்ணாகவோ சாரதியாகவோ போன ஒருவர் அனுப்பும் பணம் கடனுக்கும் கூரைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போகும். அந்தத் தொகையில் கார் வாங்கும் நிலையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அனுமதிகள் வேறு கைகளுக்குப் போனதாகப் பின்னர் எழுந்த குற்றச்சாட்டுகள் யாரையும் வியக்கவைத்திருக்காது.

மீதி இருப்பது பழைய கார். 2015ஐ ஒட்டிக் குறைந்த வரியில் வந்த நிசான் லீஃப் கார்கள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. ஏன் மலிவு என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. 24 கிலோவோட்–மணி பற்றரி கொண்ட அந்த மாதிரி, புதிதாக இருந்தபோதே ஒரு சார்ஜில் 120, 130 கிலோமீற்றர்தான் ஓடியது. பற்றரியைக் குளிர்விக்கும் ஏற்பாடு அதில் இல்லை, நமது வெப்பத்தில் அது வேகமாகத் தேயும். கொழும்பிலிருந்து புத்தளம் 130 கிலோமீற்றர் அளவு. பழைய லீஃபில் வழியில் நிற்காமல் வந்துசேர முடியாது. புத்தளத்துக்குள், பாலாவி, மதுரங்குளி என்று சுற்ற அது போதும். புதிய கார்களின் பற்றரி இரண்டு மடங்குக்கு மேல் பெரியது, குளிரூட்டும் ஏற்பாடும் உண்டு, தூரம் அவற்றுக்குப் பிரச்சினையில்லை.

இந்தக் கரையோரத்தில் எண்ணெய்க்கு மிக அதிகமாக அடிபட்டவர்கள் கார்க்காரர்கள் அல்லர். 2022 ஜூனில் பெற்றோல் 470 ரூபாயைத் தொட்டது. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். அந்த 5 லீற்றரில் ஓட்டம் ஓடி ஒரு வீட்டை நடத்தச் சொன்னார்கள். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. கற்பிட்டியிலிருந்து உடப்பு வரை வெளி இயந்திரப் படகுகள் கரையேறிக் கிடந்தன.

ஆகவே மாற்றத்துக்கான வரிச்சலுகை எங்கே முதலில் போக வேண்டும் என்றால், என் கணிப்பில் அது முச்சக்கர வண்டிக்குத்தான். நாட்டில் பத்து இலட்சத்துக்கு மேல் இருக்கின்றன. நாளுக்கு 100 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 4 லீற்றர் பெற்றோல், லீற்றர் 300 ரூபாய் என்றால் 1,200 ரூபாய். மின்சார வண்டி அதே தூரத்துக்கு 7 அலகுக்கு மேல் எடுக்காது. அலகை 50 ரூபாய் என்றே வைத்தாலும் 350 ரூபாய். மிச்சம் ஒரு குடும்பத்தின் நாள் சாமான் செலவு. மேலும், முச்சக்கர வண்டி நண்பகலில் நிற்கிற வாகனம். லுஹர் தொழுகைக்கும் பகல் சாப்பாட்டுக்கும் ஓட்டம் குறையும் அந்த இரண்டு மணிநேரம், கூரைகளில் மின்சாரம் மிஞ்சும் நேரம்தான். பெற்றோல் வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றும் முன்னோடித் திட்டம் ஒன்று ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் துணையுடன் தொடங்கியது. அது முன்னோடியாகவே நின்றுவிடக்கூடாது.

பற்றரிகளைப் பற்றியும் இந்த மாவட்டம் இப்போதே கேட்டுவைக்க வேண்டும். கொழும்பின் குப்பையை அறுவக்காட்டுக்குக் கொண்டுவருவதை எதிர்த்து 2018இல் புத்தளம் மாதக்கணக்கில் போராடியது. 2015இன் லீஃப் பற்றரிகளுக்கு இப்போதே பத்து வயது. இன்றைய கார்களின் பற்றரி 2040 அளவில் ஓய்வுபெறும். நாட்டில் கழிவுக்கு இடம் தேடும்போதெல்லாம் வரைபடத்தில் விரல் எங்கே வந்து நிற்கிறது என்பது நமக்குத் தெரியும். பற்றரியைத் திருப்பி எடுக்கும் பொறுப்பு இறக்குமதியாளருக்கு உண்டு என்பதை அனுமதிப்பத்திரத்திலேயே எழுதிவிட்டால், 2040இல் அதற்காக வேறொரு போராட்டம் தேவைப்படாது.

உடனே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வாகனங்களுக்குத் தனியான குறைந்த கட்டணம். இதற்குப் புதிய மின்நிலையம் வேண்டாம், பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் அடுத்த கட்டணத் திருத்தம் போதும். திருத்தத்துக்கு முன் ஆணைக்குழு மக்கள் கருத்தைக் கேட்பது வழக்கம். வழக்கமாக அங்கே பேசுபவர்கள் தொழிலதிபர்களும் நுகர்வோர் அமைப்புகளும். புத்தளத்தின் முச்சக்கர வண்டிச் சங்கங்களும், மாம்புரி, ஆலங்குடா விவசாயிகளும் இம்முறை ஒரு பக்கக் கடிதமாவது எழுதி அனுப்பலாம்.