வொந்தே: கொல்லப்பட்டவர்களின் நிலத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா

பாரிஸில் வசிக்கும் நண்பர் ஒருவர் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புய் து ஃபூ என்ற பூங்காவுக்குப் போயிருந்தார். இறுதிவரை வன்னியில் நின்றவர். அங்கிருந்து தொலைபேசியில் கதைத்தபோது சொன்னார்: "குதிரையோட்டமும் வாள்சண்டையும் பார்க்கத்தான் வந்தனாங்கள். ஆனால் இது எங்களைப் போல தோற்ற சனத்தின்ர இடமாம். உமக்குத் தெரியுமோ?"

எனக்கு அதுபற்றி அதிகம் தெரிந்திருக்கவில்லை. தேடி வாசித்தேன்.

வொந்தே பிரான்சின் மேற்குக் கரையில் உள்ள விவசாயப் பிரதேசம். பிரெஞ்சுப் புரட்சி அரசு திருச்சபையின் சொத்துக்களை எடுத்தது. குருமார் அரசுக்குச் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும் என்றது. 1793இன் தொடக்கத்தில் நாடு முழுவதும் 300,000 பேரைப் படைக்குத் திரட்ட உத்தரவிட்டது. மார்ச் மாதம் வொந்தே கிளர்ந்தெழுந்தது. அதே ஆண்டு டிசம்பர் 23ஆம் திகதி, சவெனே என்ற இடத்தில் கிளர்ச்சியாளரின் பெரும்படை அழிக்கப்பட்டது.

ஆனால் மிகப் பெரிய அழிவு அதற்குப் பின்னர்தான் வந்தது. 1794 ஜனவரியில் ஜெனரல் துரோவின் படைகள் பல அணிகளாகப் பிரிந்து ஊர் ஊராக எரித்துக்கொண்டு போயின. மக்கள் அவற்றை 'நரக அணிகள்' என்று அழைத்தார்கள். நாந்த் நகரில் கைதிகள் படகுகளில் ஏற்றப்பட்டு லுவார் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார்கள். வொந்தே என்ற பெயரைக்கூட 'பழிதீர்க்கப்பட்டது' என்ற பொருள்பட அரசு மாற்றியது. இறந்தவர்களின் தொகை ஒரு இலட்சத்துக்கும் இரண்டு இலட்சத்துக்கும் இடையில் மதிப்பிடப்படுகிறது.

யார் பொறுப்புக் கூறினார்கள்? நாந்தில் மக்களை மூழ்கடித்த கரியே 1794 டிசம்பரில் கொல்களம் அனுப்பப்பட்டார். துரோவும் விசாரிக்கப்பட்டார். ஆனால் விடுவிக்கப்பட்டார். பின்னர் நெப்போலியனின் காலத்தில் அமெரிக்காவுக்கான தூதுவரானார். அவருடைய பெயர் இன்றைக்கும் பாரிஸின் வெற்றி வளைவில் பொறிக்கப்பட்டிருக்கிறது. தளபதிகள் தூதுவர்களாவது எப்படி என்பதை ஈழத்தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த நாட்களில் எரிக்கப்பட்ட மாளிகைகளில் ஒன்றுதான் புய் து ஃபூ. இடிபாடாகக் கிடந்த அதை 1977இல் மாவட்ட சபை வாங்கியது. அடுத்த ஆண்டு, பிலிப் து வில்லியே என்ற இளைஞர் எழுதிய இரவுக் காட்சி அந்த இடிபாட்டின் முன் அரங்கேறியது. ஒரு விவசாயக் குடும்பத்தின் கதையாக ஊரின் பல நூற்றாண்டுகளைச் சொல்லும் காட்சி அது. நடித்தவர்கள் அயற்கிராமத்துச் சனங்கள். இன்றைக்கும் அந்தக் காட்சியை ஊதியம் பெறாத ஆயிரக்கணக்கான தொண்டர்கள்தான் நடத்துகிறார்கள். 1989இல் அதையொட்டிப் பூங்கா திறக்கப்பட்டது. இப்பொழுது ஆண்டுக்கு 20 இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் வருகிறார்கள்.

இதை இரண்டு விதமாகப் பார்க்கலாம். முதலாவது, தோற்ற மக்கள் தமது கதையைத் தாமே சொல்கிறார்கள். எமது நிலத்தில் நடந்தது வேறு. 2009க்குப் பின் தென்னிலங்கையிலிருந்து பேருந்துகளில் வந்தவர்களுக்குப் புதுக்குடியிருப்பில் நிலக்கீழ் வீட்டைக் காட்டியது படைத்தரப்பு. பிறகு 2013இல் அதைத் தகர்த்ததும் படைத்தரப்பே. நந்திக்கடலோரத்தில் விடுதி நடத்தியதும் அதுதான். வென்றவர்கள் தோற்றவர்களின் நிலத்தைக் காட்சிப்பொருளாக்கினார்கள். துயிலும் இல்லங்கள் இடிக்கப்பட்டன.

இரண்டாவது, தாமே சொல்லும் கதையும் வளைந்து போகலாம். து வில்லியே பின்னர் இரண்டு தடவை ஜனாதிபதித் தேர்தலில் நின்ற வலதுசாரி அரசியல்வாதி. பூங்கா வரலாற்றைத் திரிக்கிறது என்று 2022இல் நான்கு வரலாற்றாய்வாளர்கள் ஒரு புத்தகமே எழுதினார்கள். முடியாட்சியும் மதமும் ஒளிபெறும் கதையில், கிளர்ச்சியாளர்கள் மஷ்கூல் என்ற ஊரில் குடியரசு ஆதரவாளர்களைக் கொன்றதற்கு இடம் கிடைப்பது கடினம். காட்சிக்குக் கதாநாயகர்கள் வேண்டும். நினைவுக்கு உண்மை வேண்டும். இரண்டும் எப்பொழுதும் ஒன்றல்ல.

இங்கே பூங்காவை விட என்னை நிறுத்தியது வேறொன்று. அதே பிரதேசத்தில் லே லூக் என்ற ஊர் உண்டு. 1794 பெப்ரவரி 28ஐ ஒட்டி அங்கே நடந்த படுகொலையின் பின், பங்குத்தந்தை பார்பெதெத் ஒரு பட்டியல் எழுதினார். அதில் 564 பெயர்கள். சிறு குழந்தைகளின் பெயர்களும் உண்டு. எல்லோரும் ஒரே நாளில்தான் கொல்லப்பட்டார்களா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நடந்தது இனப்படுகொலையா என்ற விவாதமும் முடியவில்லை. அதை ஏற்கக் கோரி 2007இலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட சட்டமூலங்கள் எவையும் நிறைவேறவில்லை. ஆனால் அந்த வாதங்கள் அனைத்தையும் தாண்டி அந்தப் பெயர்கள் நிற்கின்றன. 1993இல் அங்கே நினைவிடம் திறக்கப்பட்டபோது, ரஷ்ய எழுத்தாளர் சொல்செனிற்சின் வந்து உரையாற்றினார்.

எமக்கும் ஒரு குரு இருந்தார். 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை கேட்டார். அரசாங்க அதிபர் பணிமனைகளின் கணக்கிலிருந்தே அவர் அந்தத் தொகையைப் பெற்றார். பதில் வரவில்லை. ஆண்டகையும் இன்று இல்லை. தொகை இருக்கிறது. முழுமையான பெயர்ப்பட்டியல் இன்னும் இல்லை.

தொகையை மறுக்கலாம், குறைக்கலாம், பேரம் பேசலாம். ஊர், வயது, பெற்றோர் பெயரோடு எழுதப்பட்ட ஒருவரை மறுப்பது கடினம். பார்பெதெத்திடம் இருந்தது ஒரு பேனாவும் ஒரு பங்குமட்டும்தான். எங்களிடம் கிராமங்கள் உண்டு, ஆலயங்கள் உண்டு, பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு, புலம்பெயர்ந்த நாடுகளில் ஊர்ச் சங்கங்கள் உண்டு. மே 18இல் கஞ்சி காய்ச்சும் ஒவ்வொரு ஊரும் தனது பெயர்களை எழுதி முடித்துவிட்டதா?

நண்பரிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "எங்கட ஒழுங்கைக்குள்ள மட்டும் பதினொரு பேர். இண்டைக்கு இரவே எழுதிறன்."