கூண்டு புதிது, சேஸிஸ் பழையது

2025 ஆகஸ்டில் ஹாசல்பிளாட் நிறுவனம் ‘எக்ஸ்2டி-2 100சி’ என்ற மீடியம் ஃபார்மட் கேமராவை வெளியிட்டது. வெளியீட்டு விலை 7,399 டாலர். உலகெங்கும் விமர்சகர்கள் பந்தி போட்டு வரவேற்றார்கள். அவர்கள் அதிகம் கொண்டாடிய வசதி எது? நடந்து வருகிற ஆளின் மீது ஃபோகஸ் விடாமல் ஒட்டிக்கொண்டே வருமாம். இந்த நிறுவனத்தின் மீடியம் ஃபார்மட் கேமராவில் அது இப்போதுதான் முதல்முறையாக வந்திருக்கிறது. 35 மி.மீ. கேமராக்களில் 1980களின் இறுதியிலேயே வந்துவிட்ட சங்கதி இது. கல்யாண மண்டபத்தில் நாள்கூலிக்குப் படமெடுக்கும் பையனின் பழைய கேமராகூட இதைச் செய்யும். முப்பத்தைந்து ஆண்டுகள் தாமதமாக வந்த ஒன்றைப் புதுமை என்று கைதட்டி வாங்கிக்கொள்ளும் இந்தப் பெருந்தன்மைதான் என்னை எழுத வைத்தது.

கேமரா மோசம் என்று நான் சொல்லவில்லை. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராத பொருள்தான். பத்து ஸ்டாப் அளவுக்குக் கை நடுக்கத்தைத் தாங்கும்; உள்ளேயே ஒரு டெராபைட் சேமிப்பு இருக்கிறது; முந்தைய மாடலைவிட 800 டாலர் குறைவு. ஆனால் ஒளிப்படக்காரருக்கு இந்தத் துறை புதிதாக என்ன கொடுத்திருக்கிறது என்ற கேள்வி வேறு. அதற்குப் பதில் தேட, கேமராவின் தோலை விட்டுவிட்டுச் சென்சாருக்குப் போக வேண்டும்.

2014ஐ நினைத்துப் பாருங்கள். சோனி நிறுவனம் 44க்கு 33 மி.மீ. அளவில், 50 மெகாபிக்சல் சிமாஸ் சென்சார் ஒன்றைச் செய்தது. அந்த ஆண்டே ஃபேஸ் ஒன் ஐக்யூ250, ஹாசல்பிளாட் எச்5டி-50சி, பென்டாக்ஸ் 645இசட் ஆகிய மூன்றிலும் அது உட்கார்ந்தது. அன்று அது உண்மையான பாய்ச்சல்; மறுக்க மாட்டேன். அதற்கு முன்பிருந்த சிசிடி சென்சார்களில் ஐஎஸ்ஓ 800ஐத் தாண்டினாலே படம் மணல் கொட்டியதுபோல் ஆகிவிடும். பிறகு என்ன நடந்தது? 2016இல் ஹாசல்பிளாட் எக்ஸ்1டி: அதே சென்சார். 2017இல் கடைக்கு வந்த ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ்: மைக்ரோலென்ஸில் மட்டும் கொஞ்சம் கைவைத்து, அதே சென்சார். 2018இல் 50ஆர், 2019இல் எக்ஸ்1டி-2, 2020இல் 907எக்ஸ், 2021இல் 50எஸ்-2. அத்தனையும் அதே 2014ஆம் ஆண்டுச் சரக்கு. ஒரே சென்சாரை ஏழு ஆண்டுகள் சட்டை மாற்றி மாற்றி விற்றிருக்கிறார்கள்.

இரண்டாவது சுற்றும் ஏறத்தாழ அப்படியே ஓடுகிறது. 100 மெகாபிக்சல் சென்சார் 2019இல் ஜிஎஃப்எக்ஸ் 100இல் வந்தது. 2021இல் 100எஸ், 2022இல் ஹாசல்பிளாட் எக்ஸ்2டி, 2024இல் 100எஸ்-2, 2025இல் லென்ஸைக் கழற்ற முடியாத 100ஆர்எஃப், அதே ஆண்டில் எக்ஸ்2டி-2. நடுவில் 2023இல் வந்த ஜிஎஃப்எக்ஸ் 100-2 மட்டும் தகவலை வேகமாக வாசிக்கும் திருத்திய சென்சாரோடு வந்தது. ஃபியூஜி 2025இல் 16,499 டாலருக்கு இறக்கிய ‘இடெர்னா 55’ என்ற சினிமா கேமராவுக்குள்ளும் இருப்பது அதே 102 மெகாபிக்சல்தான்.

கரூரில் பேருந்துக்குக் கூண்டு கட்டுவார்கள். சேஸிஸ் வேறு கம்பெனியில் இருந்து வரும். இருக்கை, ஜன்னல், பெயின்ட், விளக்கு எல்லாம் கரூர்க்காரர்களின் கைவண்ணம். அருமையான தொழில், அதில் குறை இல்லை. ஆனால் கூண்டு கட்டுகிறவர் யாரும் புது எஞ்சின் கண்டுபிடித்ததாக மேடை போட்டு அறிவிப்பதில்லை. மீடியம் ஃபார்மட் கம்பெனிகள் அறிவிக்கின்றன.

சென்சாரின் அளவுக்கு வருவோம். இதை எல்லோரும் சொல்லாமல் தாண்டிப் போகிறார்கள். நான் போகப் போவதில்லை. 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு சட்டகம் 36க்கு 24. பரப்பு 864 சதுர மி.மீ. இன்றைய ‘மீடியம் ஃபார்மட்’ சென்சார் துல்லியமாகச் சொன்னால் 43.8க்கு 32.9, பரப்பு 1,441. ஃபிலிம் காலத்து மீடியம் ஃபார்மட்டில் பரவலாகப் புழங்கிய மிகச் சிறிய சட்டகமான 645இன் உண்மையான அளவு 56க்கு 41.5, பரப்பு 2,324. இப்போது கழித்துப் பாருங்கள். 35 மி.மீ.யைவிட 577 கூடுதல். 645ஐவிட 883 குறைவு. அதாவது இந்தச் சென்சார், தான் யாருடைய வாரிசு என்று சொல்லிக்கொள்கிறதோ அவரைவிடப் பக்கத்து வீட்டுக்காரருக்கே நெருக்கம். நம் ஊர் ஸ்டுடியோக்களில் 120 ஃபிலிமைப் போட்டு, சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படம் எடுத்தார்களே, அந்தச் சதுரத்தின் பரப்பு 3,136. அதில் பாதிகூட இல்லை, 46 சதவீதம்தான் இது.

இந்தக் கூடுதல் பரப்பு ஒளியில் என்ன தருகிறது? 35 மி.மீ. சட்டகத்தின் அளவிலான ‘ஃபுல் ஃப்ரேம்’ சென்சாரைவிட 1.67 மடங்கு. ஒளி இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப்; அந்தக் கணக்கில் இது முக்கால் ஸ்டாப்தான். அபர்ச்சர் 1.4 வரை திறக்கும் லென்ஸ்கள் ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. ஜிஎஃப்எக்ஸில் பல லென்ஸ்கள் 2.8, 4 என்றே நிற்கின்றன. முக்கால் ஸ்டாப் லாபம் லென்ஸிலேயே கரைந்துவிடுகிறது. துல்லியத்தில்? ஜிஎஃப்எக்ஸ் 100இன் படம் அகலவாக்கில் 11,648 பிக்சல். 2022இல் 3,899 டாலருக்கு வந்த சோனி ஏ7ஆர்-5இன் படம் 9,504. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் ஒன்று 38.8 அங்குலம், மற்றொன்று 31.7. ஏழு அங்குலம் சொச்சம். இந்த வித்தியாசத்தைத் தேடி நகைக்கடை விளம்பரப் பலகையை யாரும் ஏணி வைத்து ஏறி, பூதக்கண்ணாடி பிடித்துப் பார்ப்பதில்லை.

சரி, அளவுதான் இப்படி. சென்சாரின் உள் தொழில்நுட்பமாவது முன்னேறியதா என்றால், கோபம் இங்கேதான் வருகிறது. சென்சாரின் அடியிலேயே நினைவகத்தை அடுக்கி, தகவலை மின்னல் வேகத்தில் வாசிக்கும் ‘ஸ்டேக்டு’ சென்சார் ஃபுல் ஃப்ரேமுக்கு 2017இல் சோனி ஏ9இல் வந்தது. 2021இல் நிகான் இசட்9 அதை நம்பி இயந்திர ஷட்டரையே தூக்கி எறிந்தது. 2023இல் சோனி ஏ9-3, படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதியும் குளோபல் ஷட்டரோடு வந்தது. இதில் வேடிக்கை, ஃபியூஜியே 2022இல் தன் சின்னச் சென்சார் கேமராவான எக்ஸ்-எச்2எஸ்ஸில் ஸ்டேக்டு சென்சார் வைத்திருக்கிறது. அன்றைய விலை 2,499 டாலர். மறு ஆண்டு 7,499 டாலருக்கு விற்ற ஜிஎஃப்எக்ஸ் 100-2இல் அது இல்லை. மூன்று மடங்கு காசு வாங்கிக்கொண்டு முந்தைய தலைமுறைத் தொழில்நுட்பத்தைக் கையில் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? மின்னணு ஷட்டரில் ஓடும் வண்டியைப் படமெடுத்தால் இன்றும் மீடியம் ஃபார்மட்டில் சக்கரம் முட்டை வடிவமாகிறது.

இனி ஃப்ளாஷ். என்னை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் இந்த ஒப்பீட்டைத்தான் சொல்வேன். 1957இல் ஹாசல்பிளாட் 500சி வெளிவந்தது. ஷட்டர் லென்ஸுக்குள் இருந்தது. இலை இலையாக விரியும் லீஃப் ஷட்டர். ஆகவே நொடியில் 500இல் ஒரு பங்கு வரை எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் அடிக்கலாம். 2023இன் ஜிஎஃப்எக்ஸ் 100-2இல் ஷட்டர் சென்சாருக்கு முன்னால் திரைபோல் ஓடுகிறது. பெரிய சென்சாரை அது முழுதாகத் திறந்தால்தான் ஃப்ளாஷ் எல்லா இடத்திலும் விழும். எனவே உச்ச வேகம் 125இல் ஒரு பங்கு. அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து நாம் நான்கு மடங்கு பின்னால் போயிருக்கிறோம்!

இது காகிதக் கணக்கு இல்லை. உச்சி வெயிலில், கோயில் பிராகாரத்துக்கு வெளியே மணப்பெண்ணை நிறுத்தி, ஃப்ளாஷ் வைத்து எடுக்க வேண்டும் என்று வையுங்கள். ஐஎஸ்ஓ 80, வேகம் 125இல் ஒரு பங்கு என்றால் அபர்ச்சரை 11, 13 என்று சாத்தியே ஆக வேண்டும். பின்னால் இருக்கும் கார், பந்தல் கம்பு, குப்பைத்தொட்டி எல்லாம் பெண்ணின் மூக்குத்திக்குச் சமமாகத் தெளிவாக நிற்கும். 500இல் ஒரு பங்கு கிடைத்தால் 6.3 வரை திறக்கலாம். பின்னணி மங்கத் தொடங்கும். அதிவேக ஃப்ளாஷ் முறை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதில் ஃப்ளாஷின் வலு பாதிக்கும் கீழே போய், பேட்டரி சீக்கிரம் தீரும். ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசை லீஃப் ஷட்டரைக் கைவிடவில்லை, 2,000இல் ஒரு பங்கும் அதற்கு மேலும் போகிறது. அந்தப் பெருமை அவர்களுக்கு உண்டு. ஆனால் அது தாத்தா சேர்த்து வைத்த சொத்து. சோனியின் குளோபல் ஷட்டர் கேமராவோ 80,000இல் ஒரு பங்கில் ஃப்ளாஷ் அடிக்கிறது.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தெரியும். முதலில், “விலை குறைந்ததே, அது புதுமை இல்லையா?” 2019இல் ஏறக்குறைய 10,000 டாலருக்கு வந்த ஜிஎஃப்எக்ஸ் 100இன் திறன், 2024இல் 100எஸ்-2 வழியாக 4,999 டாலருக்குக் கிடைத்தது உண்மை. ஐந்து ஆண்டுகளான சரக்கின் விலை இறங்குவது வியாபார வழக்கம். ஆடித் தள்ளுபடிக்கு யாரும் அறிவியல் விருது கொடுப்பதில்லை.

அடுத்தது, நிறமும் ‘மீடியம் ஃபார்மட் தோற்றமும்’. படம் முப்பரிமாணமாக எழும்பி நிற்கிறதாம், தோலின் நிறம் பட்டுப்போல இழைகிறதாம். பெயரை மறைத்துவிட்டு ஒரே கோணத்தில், ஒரே ஒளியில் எடுத்த இரண்டு அச்சுகளை இந்தப் பக்தர்கள் முன் வைத்தால் பாதிப் பேர் தடுமாறுவார்கள். இதற்கு மேல் அந்த வாதத்துக்கு இடம் தர வேண்டாம்.

மூன்றாவது வாதம், சந்தை சிறியது, பெரிய சென்சார் செய்யச் செலவு அதிகம் என்பது. சிலிக்கான் தகடு ஒன்றில் பெரிய சென்சார் குறைவாகவே வெட்ட முடியும், பழுதும் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் ஏழை? ஃபியூஜிக்கு இன்ஸ்டாக்ஸ் உடனடிக் கேமரா அள்ளித் தருகிறது. ஹாசல்பிளாட்டின் பெரும்பான்மைப் பங்கை 2017 முதல் வைத்திருப்பது டிஜேஐ, உலகின் மிகப் பெரிய டிரோன் நிறுவனம். பணம் இல்லை என்பது சாக்கு. நெருக்கடி இல்லை என்பதே காரணம். சென்சாரை விற்கும் சோனி, தானே ஒரு மீடியம் ஃபார்மட் கேமரா செய்ததில்லை. தன் புதுச் சரக்கை முதலில் தன் ஃபுல் ஃப்ரேம் கேமராக்களில் இறக்குகிறது. மற்றவர்கள் வரிசையில் நின்று மிச்சத்தை வாங்கிக்கொள்கிறார்கள்.

645க்கு நெருங்கிய பெரிய சென்சார் இல்லாமலும் இல்லை. கேமராவின் பின்னால் மாட்டும் ஃபேஸ் ஒன் ஐக்யூ4 என்ற டிஜிட்டல் முதுகில் 53.4க்கு 40 மி.மீ., 150 மெகாபிக்சல் சென்சார் 2018இலேயே வந்துவிட்டது. கேமராவோடு சேர்த்து 50,000 டாலரைத் தாண்டிய விலை. நிலக்காட்சி எடுப்பவர்களும், அருங்காட்சியகங்களுக்கு ஓவியங்களைப் பதிவுசெய்பவர்களும் வாங்குகிறார்கள். அந்தச் சென்சாரைக் கையடக்கமான கண்ணாடியில்லாக் கேமராவில், நடுக்கத் தடுப்போடு, சாதாரண ஸ்டுடியோக்காரர் எட்டும் விலையில் கொண்டுவர ஏழு ஆண்டுகளில் ஒருவரும் துணியவில்லை. அதற்குப் பதிலாக என்ன செய்தார்கள்? 100ஆர்எஃப்பில் படத்தின் நீள அகல விகிதத்தை மாற்ற ஒரு திருகு வைத்தார்கள். கணினியில் இரண்டு சொடுக்கில் வெட்டிக்கொள்ளக்கூடியதற்கு ஒரு திருகு! 4,899 டாலருக்கு வந்த அதே கேமராவில் லென்ஸ் 4க்கு மேல் திறக்காது, நடுக்கத் தடுப்பு கிடையாது.

நான் மெச்சுகிற ஒரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஹாசல்பிளாட்டின் சிஎஃப்வி 100சி என்ற டிஜிட்டல் முதுகை, 1957 முதல் வந்த பெரும்பாலான வி வரிசைக் கேமராக்களில் மாட்டலாம். அப்பா வாங்கிய 500சியில் மகள் 100 மெகாபிக்சல் படம் எடுக்கலாம். வாங்கிய பொருளை வீணாக்காத இந்தச் சிந்தனை எக்ஸ் வரிசைக்கு ஏன் வரவில்லை? எக்ஸ்2டி வாங்கியவர் புதிய ஃபோகஸ் வசதி வேண்டுமென்றால் முழுக் கேமராவையும் மாற்ற வேண்டும்; சென்சாரோ அதே 100 மெகாபிக்சல்.

இதே போக்கு இன்னும் ஐந்தாண்டு நீடித்தால் டிஜிட்டல் மீடியம் ஃபார்மட் தொழில்கருவி என்ற தகுதியை இழந்து, கைக்கடிகாரம்போல் அந்தஸ்துப் பொருளாகிவிடும். ஃபுல் ஃப்ரேமில் 100 மெகாபிக்சல் ஸ்டேக்டு சென்சார் வருகிற அன்று கதை முடிந்தது. கடன் வாங்கிப் புது மாடல் எடுக்க நினைக்கும் ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 2021இன் ஜிஎஃப்எக்ஸ் 100எஸ், பழைய கேமராச் சந்தையில் கிடைக்கிறது. அதே 100 மெகாபிக்சல்தான். அதை வாங்குங்கள், மிச்சப் பணத்தில் நல்ல ஃப்ளாஷும் லென்ஸும் வாங்குங்கள். சென்சார் மாறாதவரை புதிய பெட்டிக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.