சும்மா இருக்கிற சர்வீஸைச் சுட்டுத் தள்ளலாமா?

'மச்சி, உன் சிஸ்டத்துல நூறு சர்வீஸ் சும்மா ஓடிட்டிருக்கு. எல்லாத்தையும் டிஸேபிள் பண்ணு, ராக்கெட் மாதிரி பறக்கும்!'

ஹாஸ்டலில் ரூமுக்கு ஒரு கம்ப்யூட்டர் டாக்டர் இந்த பிரிஸ்கிரிப்ஷனோடுதான் அலைகிறார். நிஜமாகவே பறக்குமா? பெரும்பாலும் சிஸ்டம் நகரக்கூட நகராது. சில சமயம் வைஃபை மட்டும் பறந்து போய்விடும்!

சர்வீஸ் என்பது வேறொன்றுமில்லை. ஸ்கிரீனில் முகம் காட்டாமல், பின்னாடி நின்று வேலை பார்க்கிற புரோகிராம். விண்டோஸ் கீயோடு 'ஆர்' அழுத்தி, வருகிற பெட்டியில் 'சர்வீசஸ்.எம்.எஸ்.சி' என்று ஆங்கிலத்தில் டைப் பண்ணுங்கள். மொத்தப் பட்டியலும் வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆட்டோமேடிக், மேனுவல், டிஸேபிள்ட் என்று ஒரு வார்த்தை இருக்கும்.

ஹாஸ்டல் பாஷையில் சொன்னால், ஆட்டோமேடிக் என்பது கேட்டில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன். மேனுவல் என்பது ஃபியூஸ் போனால் மட்டும் கூப்பிட்டு அனுப்புகிற எலக்ட்ரீஷியன். டிஸேபிள்ட் என்றால் ஆளையே வேலையை விட்டு அனுப்பியாச்சு. ஹாஸ்டலே இருட்டில் மூழ்கினாலும் வரமாட்டார். பட்டியலில் பாதிக்கு மேல் மேனுவலாக இருப்பதைக் கவனியுங்கள். அவர்கள் கூப்பிடாதவரை வருவதும் இல்லை, உங்கள் ராமைத் தின்பதும் இல்லை. அவர்களை 'டிஸேபிள்' பண்ணி என்ன மிச்சம்? வராதவனுக்கு மெஸ்ஸில் சாப்பாடு கட் பண்ணின மாதிரிதான்!

அப்புறம் எப்படி இந்த வைத்தியம் பிரபலமானது? காரணம் இருக்கிறது. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது அதற்குப் பரிந்துரைத்த ராம் வெறும் 128 எம்.பி. அந்தக் காலத்தில் நாலு சர்வீஸை நிறுத்தினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இன்று விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சமே 4 ஜி.பி. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு சாதாரண சர்வீஸ் சில எம்.பி.தான் எடுக்கும். நீங்கள் மூடாமல் விட்ட ஒரே ஒரு பிரவுசர் டேப் நூறு எம்.பி.யைத் தாண்டுவது சர்வ சாதாரணம். போதாக்குறைக்கு, 2009-ல் வந்த விண்டோஸ் 7-லிருந்தே, பல சர்வீஸ்கள் தேவை வரும்போது மட்டும் எழுந்து வருகிற மாதிரி செய்துவிட்டார்கள்.

இன்னொன்று. டாஸ்க் மேனேஜரில் 'சர்வீஸ் ஹோஸ்ட்' என்று வரிசையாக ஐம்பது அறுபது வரி தெரிந்தால் 'ஐயோ வைரஸ்' என்று அலற வேண்டாம். முன்பு பல சர்வீஸ்கள் ஒரே ஆட்டோவில் ஷேர் போட்டுப் போயின. 2017-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, 3.5 ஜி.பி.க்கு மேல் ராம் இருந்தால் பெரும்பாலானவற்றுக்குத் தனித்தனி ஆட்டோ. ஒன்று கவிழ்ந்தால் மற்றதும் கவிழக் கூடாதே, அதற்காக.

சரி, அப்போ எதையுமே தொடக் கூடாதா? தொடலாம். ஆனால் வேகத்துக்காக அல்ல, பாதுகாப்புக்காக! ஓடுகிற ஒவ்வொரு சர்வீஸும் வீட்டுக்கு இன்னொரு கதவு மாதிரி. 2021-ல் 'பிரின்ட் நைட்மேர்' என்று ஒரு ஓட்டை விண்டோஸை ஆட்டி வைத்ததே, அது பிரின்ட் ஸ்பூலர் என்ற சர்வீஸில் இருந்த ஓட்டை. முடிந்தால் ஸ்பூலரையே நிறுத்தி வையுங்கள் என்று மைக்ரோசாஃப்ட்டே அப்போது வழி சொன்னது. அந்த ஓட்டைக்கு அப்புறம் பேட்ச் வந்துவிட்டது. இருந்தாலும் பிரின்டரே இல்லாத வீட்டில் ஸ்பூலர் எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஒரு எச்சரிக்கை: ஸ்பூலர் இல்லாவிட்டால் 'பிரின்ட் டு பி.டி.எஃப்.'பும் வேலை செய்யாது. அசைன்மென்ட் அனுப்ப வேண்டிய ராத்திரி 11:50-க்கு இதைத் தெரிந்துகொள்ளாதீர்கள்! வேர்டில் 'சேவ் ஆஸ்' வழியாக பி.டி.எஃப். எடுப்பவர்களுக்குப் பிரச்னை இல்லை.

அதே பாதுகாப்புக்காகவே சிலவற்றைத் தொடவே கூடாது. முதலாவது, விண்டோஸ் அப்டேட். 'டேட்டாவைத் தின்னுது' என்று முதலில் பலியாவது இதுதான். 2017 மே மாதம் வான்னாக்ரை உலகத்தையே உலுக்கி, ஃபைல்களைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கான பேட்ச் மார்ச் மாதமே வெளியாகிவிட்டது. போட்டவர்கள் தப்பித்தார்கள், போடாதவர்கள் மாட்டினார்கள். டேட்டாதான் கவலை என்றால் வைஃபை செட்டிங்கில் 'மீட்டர்ட் கனெக்ஷன்' ஆன் பண்ணுங்கள், போதும். டிஃபெண்டர், ஃபயர்வால் இரண்டையும் தொடாதீர்கள். ஆடியோ சர்வீஸை நிறுத்தினால் சத்தம் போகும். 'டபிள்யூலான் ஆட்டோகான்ஃபிக்'கை நிறுத்தினால் வைஃபை போகும்.

லேப்டாப் நிஜமாகவே ஆமை மாதிரி ஊர்கிறதா? வரிசையாக இப்படிச் செய்யுங்கள்.

முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போங்கள். சிஸ்டம் ஆன் ஆனதும் கூடவே எழுந்து வரும் கேம் லாஞ்சர், சாட் ஆப், மியூசிக் ஆப் எல்லாம் அங்கே இருக்கும். தேவையில்லாததை டிஸேபிள் பண்ணுங்கள். உங்களுக்கு வேண்டிய வேகத்தில் பெரும்பங்கு இங்கேதான் கிடைக்கும். வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம், ஒன்றும் கெடாது.

அடுத்து 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து, சர்வீசஸ் பகுதியில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கும் பெட்டியை டிக் பண்ணுங்கள். மீதி இருப்பவை மற்ற கம்பெனிகள் வைத்துவிட்டுப் போனவை. எப்போதோ ஒருமுறை போட்ட சாஃப்ட்வேரின் அப்டேட்டர் இன்னமும் குடியிருக்கும். சாஃப்ட்வேரே வேண்டாமென்றால் நேராக அன்-இன்ஸ்டால் பண்ணுங்கள், சர்வீஸும் மூட்டை கட்டிவிடும். ஆன்டிவைரஸ், கிராபிக்ஸ், சவுண்ட் பெயர்கள் தெரிந்தால் கை வைக்காதீர்கள்.

அதற்குப் பிறகும் ஒரு சர்வீஸ் மேல் சந்தேகமா? உதாரணத்துக்கு, பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கும் லேப்டாப்பில் 'சிஸ்மெயின்' டிஸ்க்கைப் போட்டுத் தேய்ப்பது உண்டு. உடனே டிஸேபிள் பண்ணாமல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாப்' மட்டும் கொடுங்கள். ஒரு மணி நேரம் வேலை பாருங்கள். ஏதாவது சொதப்பினால் ரீஸ்டார்ட் போதும், ஆட்டோமேடிக் சர்வீஸ் தானாகத் திரும்பிவிடும். ரீஸ்டார்ட் என்றால் ரீஸ்டார்ட்தான். ஷட் டவுன் செய்து ஆன் பண்ணுவது விண்டோஸில் அதே ஆகாது. நிறுத்தி வித்தியாசம் தெரிந்தால் மட்டும் நிரந்தரமாக மாற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்று. பழைய செட்டிங் என்ன என்று நோட்டில் குறித்து வையுங்கள். பத்தை ஒரே நாளில் மாற்றிவிட்டு, எது காலை வாரியது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

மொத்தத்தில் ரூல் ஒன்றுதான். இந்த சர்வீஸ் என்ன வேலை செய்கிறது, அது எனக்கு ஏன் வேண்டாம்? இரண்டு கேள்விக்கும் ஒரே வரியில் பதில் சொல்ல முடிந்தால் நிறுத்துங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். வாட்ச்மேன் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும். திருடன் வருகிற ராத்திரி வரைக்கும்!