நினைவுப் பொருள் உண்டு, ஆவணம் எங்கே?

உறவினர் நீங்கலாக, வெளிநாட்டவருக்குக் குழந்தைகளைத் தத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டதாகச் சீனா 2024 செப்டம்பரில் அறிவித்தது. 1992 முதல் ஏறத்தாழ 1,60,000 குழந்தைகள் அவ்வாறு கடல் கடந்தனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவுக்குச் சென்றவர்கள்.

குவாங்சோ நகரின் ஷாமியான் தீவில் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருந்த காலத்தில், குழந்தைக்கு விசா பெறுவதற்காகத் தத்துப் பெற்றோர் அங்குள்ள ஹோட்டலில் சில நாள்கள் தங்குவர். சுற்றிலும் அவர்களை நம்பியே கடைகள். பட்டுச் சட்டை, நடந்தால் கீச்சிடும் காலணி, பெயர் பொறித்த கல் முத்திரை. குழந்தை வளர வளர அணியட்டும் என்று ஒரே ஆடையைப் பல அளவுகளில் வாங்கியவர்களும் உண்டு. இதை எள்ளி நகையாடுவதற்கில்லை. பிறந்த மண் எது என்று நாளை கேட்கப்போகும் குழந்தைக்குக் காட்ட ஏதேனும் வேண்டும் என்ற தவிப்பு அது.

ஆனால், அதே பயணத்தில்தான் அநாதை இல்லத்துக்குச் சுமார் 3,000 டாலர் கட்டாய 'நன்கொடை'யும் கைமாறியது. உறுதியான விலையோடு வாங்குவோர் காத்திருந்தால் வழங்கல் தானே தோன்றும் என்பது பொருளியலின் பாலபாடம். 2005-இல் ஹூனான் மாகாணத்தில் இல்லங்களே குழந்தைகளை விலைக்கு வாங்கியது அம்பலமாயிற்று.

நாமும் விதிவிலக்கல்லர். லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் உச்சநீதிமன்றம் 1984-இலேயே நெறிமுறைகளை வகுத்தது. அதன் பிறகும் சென்னையின் குடிசைப் பகுதிகளில் களவுபோன குழந்தைகள் தத்து என்ற பெயரில் வெளிநாடு சென்றது வழக்காகி, சிபிஐ விசாரணை வரை போனது. 2021-இல் நம் மதுரையிலேயே, கரோனாவில் இறந்துவிட்டதாகக் கணக்குக் காட்டப்பட்ட குழந்தை வேறொரு வீட்டில் உயிருடன் மீட்கப்பட்டது. மயான ரசீதுகூடப் போலியாகத் தயாரிக்கப்பட்டிருந்தது!

அன்று வெளிநாடு சென்ற குழந்தைகள் இன்று நடுவயதினராகத் திரும்பி வருகின்றனர். மதுரையில் அவர்கள் சுங்குடிச் சேலையும் தாழம்பூக் குங்குமமும் வாங்கலாம். பெற்றவள் யார் என்றறிய ஒரு கோப்பு வேண்டுமே? வெளிநாட்டவர் தத்தெடுக்க அப்போது தனிச் சட்டம் இல்லை. 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின்கீழ் நீதிமன்ற ஆணை பெற்றுத்தான் குழந்தையைக் கொண்டு சென்றனர். எனவே, சான்றுகள் நீதிமன்றப் பதிவறைகளிலும், பல காலம் முன்பே மூடப்பட்ட இல்லங்களின் பீரோக்களிலும் சிதறிக் கிடக்கின்றன. வேர் தேடுவோர் தமக்காக மூன்றாம் நபரை அனுப்பவும் விதிகள் இடம் தரவில்லை. தாயின் அந்தரங்கத்தைக் காக்க அவ்விதி தேவைதான். ஆனால், கோப்பே இல்லாதபோது அது யாரைக் காக்கிறது?

காலமும் குறைவு. 1975-இல் இருபது வயதில் பிள்ளையைக் கொடுத்தவள் இன்று எழுபதைத் தொட்டிருப்பாள்.

தத்து ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் 2022 முதல் மாவட்ட ஆட்சியரிடம் வந்துள்ளது. மூடப்பட்ட இல்லங்களின் பழைய கோப்புகளைக் கையகப்படுத்தி எண்மமாக்கும் பொறுப்பையும் தமிழக அரசு அவர்களிடமே ஒப்படைக்கலாம். நீதிமன்றப் பதிவறைகளில் உள்ளவற்றுக்கு உயர்நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படும்; அதற்கான விண்ணப்பத்தை அரசே முன்வைக்க வேண்டும்.