ஆட்டக்களமா, கல்லாப் பெட்டியா?

வீடியோ கேம் என்ற பேச்சை எடுத்தாலே வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். கண் கெடும், படிப்புக் கெடும் என்பது அவர்கள் கட்சி. ஆடினால் அறிவு கூர்மையாகும் என்பது நம் நண்பர்கள் கட்சி. இரு கட்சியினரும் ஆடுகின்றவனையே பார்க்கிறார்கள். ஆட்டத்தை அமைத்தவனைப் பார்ப்பதில்லை. ஓர் ஆட்டம் ஏன் இப்படி அமைக்கப்பட்டது? அதன் விதிகளால் யாருக்கு லாபம்? இன்று கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் கருத்து.

விளையாட்டு மனிதனுக்கு வேண்டும். அதில் ஐயமில்லை. தாயமும் பல்லாங்குழியும் ஆடி வளர்ந்தவர்கள் நாம். தாயத்திலும் அதிர்ஷ்டம் உண்டு. ஆனால் ஒவ்வோர் உருட்டலுக்கும் யாரும் நம்மிடம் காசு கேட்டதில்லை. தாயம் விழாமல் தவிக்கும் பேரனிடம், "பத்து ரூபாய் கொடு, இன்னொரு முறை உருட்டலாம்" என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. களத்துக்குள் பணம் நுழைந்தால் ஆட்டம் ஆட்டமாக இராது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

வீட்டில் ஆடும் வீடியோ கேமும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. ஒருமுறை விலை கொடுத்தால் முழு ஆட்டமும் நம் கையில். 2006 ஏப்ரலில் 'ஆப்லிவியன்' என்ற ஆட்டத்தில் குதிரைக்குப் பூட்டும் கவசத்தைத் தனியே இரண்டரை டாலருக்கு விற்றார்கள். ஆடுவோர் பலர் கேலி செய்தார்கள். ஆனால் ஏரிக்கரையில் நண்டு துளைத்த துளை சிறிதுதானே என்று விட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

அடுத்து வந்தது 'லூட் பாக்ஸ்'. பெட்டிக்கடையில் தொங்கும் பரிசுச் சீட்டு அட்டையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காசு கொடுத்துச் சீட்டைக் கிழிக்க வேண்டும். உள்ளே இருப்பது பம்பரமா, வெறுங்காகிதமா என்பது கிழித்த பிறகே தெரியும். அந்த அட்டையின் கணிப்பொறிப் பதிப்பே லூட் பாக்ஸ். ஒரு வேறுபாடு உண்டு. கடைக்காரர் அட்டையில் சீட்டுகள் ஒருநாள் தீர்ந்துபோகும். இதில் தீர்வதே இல்லை.

2017 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. விலை 60 டாலர். அவ்வளவு கொடுத்தும், கதையின் தலைசிறந்த பாத்திரமான டார்த் வேடரைப் பெற, ஆட்டத்துக்குள் 60,000 புள்ளிகள் சேர்க்க வேண்டும் என்று முதலில் வைத்திருந்தார்கள். போரில் வலிமை தரும் பொருள்களோ சீட்டுப் பெட்டிக்குள் இருந்தன. எதிர்ப்புப் பொங்கியது. 60,000 என்பது 15,000 ஆயிற்று. வெளியீட்டுக்கு முன்னாளில் காசுக்கு விற்பதையே நிறுத்திவைத்தார்கள். 2018 ஏப்ரலில் பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணையம், வேறு மூன்று புகழ்பெற்ற ஆட்டங்களின் லூட் பாக்ஸ்கள் சட்டப்படி சூதாட்டமே என்று அறிவித்தது.

"யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லையே! இலவசமாக ஆட்டம் தருபவன் எப்படிப் பிழைப்பான்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உழைத்தவருக்குக் கூலி வேண்டும். சட்டை வேண்டுமா, இந்தா சட்டை, இது விலை என்றால் அது வாணிகம். சட்டை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், பணத்தை முதலில் வை என்றால் அதற்குப் பெயர் வேறு. வள்ளுவர் சூதுக்கென்று ஒரு தனி அதிகாரமே வகுத்தாரே!

கட்டாயம் இல்லை என்பதும் முழு உண்மையன்று. ரூபாயை முதலில் வைரமாகவோ நாணயமாகவோ மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிய பின் செலவின் வலி தெரிவதில்லை. பொருளின் விலை 90 வைரம் என்றால் வைரங்களை நூறு நூறாகவே விற்பார்கள். மீதிப் பத்து, அடுத்த செலவுக்குத் தூண்டிற்புழு. 'ஃபோர்ட்நைட்' ஆட்டத்தின் பொத்தான்கள், ஆடுவோர் விரும்பாமலே பணம் செலவாகும்படி அமைந்திருந்தன என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2022 டிசம்பரில் எபிக் கேம்ஸ் நிறுவனம் அதற்காக 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர இசைந்தது. சிறுவர்களின் விவரங்களைத் திரட்டிய குற்றச்சாட்டுக்கு 27.5 கோடி டாலர் தனி.

விலை கொடுத்து வாங்கியதாவது நம்முடையதா? அதுவும் இல்லை. யுபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் விற்ற 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய ஆட்டம், சர்வர் இன்றி இயங்காது. 2024 மார்ச் 31ஆம் நாள் சர்வரை மூடினார்கள். தனியாக ஓட்டிக்கொண்டிருந்தவன் காரும் நின்றுபோயிற்று. இதை எதிர்த்து எழுந்த ஐரோப்பியக் குடிமக்கள் மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். ஆனால் அதே நிறுவனம், அடுத்த பாகத்துக்கு இணையம் இன்றி ஆடும் வழி செய்வதாக 2024 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. முடியாதது அன்று, மனம் வேண்டும், அவ்வளவே.

நேர்வழியில் நடந்தால் தொழில் நடக்காதா? 2016இல் வெளிவந்த 'ஸ்டார்டியூ வேலி' ஒரே மனிதர் நான்கரை ஆண்டு உழைத்து ஆக்கியது. 2023இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' பெரும் பொருட்செலவில் ஆனது. அதில் சீட்டுப் பெட்டி இல்லை. இரண்டும் அமோகமாக விற்றன. அதே ஆண்டில், கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையை இட்லியும் புட்டும் சமைக்கும் ஆட்டமாகச் சொன்ன 'வெண்பா', 2024இல் பிரிட்டனின் பாஃப்டா பரிசு பெற்றது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் ஆட்டம் அது. முடிந்ததும் நம்மைப் போகவிடுகிறது. இன்று அதுவே ஒரு பெருந்தன்மை!

நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டுச் சட்டம் இயற்றியது. பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களே அதன் முதல் குறி. வரவேற்போம். ஆனால் பணம் கட்டிப் பதுமை வெல்லும் ஆட்டம் என்ன ஆவது? மூன்று செய்தால் போதும். பெட்டிக்குள் எது எத்தனைக்கு ஒன்று என்பதை வெளியே எழுதுக. சீனா 2017இலேயே இதைக் கட்டாயமாக்கிவிட்டது. விலையை ரூபாயில் சொல்லுக. சர்வரை மூடும் நாளில், வாங்கியவன் ஆட ஒரு வழி விட்டுச் செல்லுக.

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டியிருக்க வேண்டியதில்லை. மெஸ் கட்டணத்துக்கு வீட்டிலிருந்து வரும் பணம் யாருடைய வியர்வை என்பது நமக்குத் தெரியும். அதை வைரமாக மாற்றுமுன் ஒருகணம் நினைப்போம். நம்மில் கணிப்பொறி பயில்வோர் சிலர் நாளை இத்தொழிலுக்கே போவார்கள். பொத்தானை எங்கே வைப்பது என்று அவர்களைத்தான் கேட்பார்கள். அன்று அவர்கள் சொல்லப்போகும் விடையை இன்றே எண்ணிப் பார்க்கட்டும்.