ஒரு தடவை சொன்னால் போதாதா?



லினக்ஸ் கர்னலைப் பற்றி மலருக்கு எழுதப் போகிறேன் என்றதும், "சிலபஸில் இல்லாததை எல்லாம் ஏன்டா இழுக்கிறே?" என்று வகுப்பிலேயே கேட்டார்கள். கேட்கட்டும். லேபில் ராஸ்பெர்ரி பை போர்டைத் தொட்டுப் பார்த்த எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

யு.எஸ்.பி.யில் ஒரு பென்டிரைவைச் செருகினால், 'நான் இன்னார்' என்று அதுவே சொல்லிவிடும். ஆனால் சிப்புக்குள் இருக்கும் யுவார்ட், ஐ-டூ-சி எல்லாம் வாய் திறக்காது. எந்த முகவரி, எந்த இண்டரப்ட், எந்த கிளாக் என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பு ஏ.ஆர்.எம். போர்டு ஒவ்வொன்றுக்கும் இதை சி மொழியில் தனித்தனியாக எழுதிக் குவித்தார்கள். 2011-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் காட்டமாகவே திட்டினார். அதன் பிறகுதான் ஏ.ஆர்.எம். பக்கம் டிவைஸ் ட்ரீ என்ற விவரக் கோப்பு முறை வேகம் பிடித்தது. அந்தக் கோப்பில் எந்தச் சாதனத்துக்கு என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் விளக்கக் கோப்புக்கு பைண்டிங் என்று பெயர். கர்னலுக்குள் இவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

இங்கேதான் நம்ம ரிக்கார்டு நோட்டு வியாதி! 'ரெக்' என்றால் முகவரியும் நீளமும். சிப்புக்குள் முகவரி கொண்ட சாதனங்களுக்கெல்லாம் அதேதான். ஆனாலும் பழைய கோப்புகள் பலவற்றில் அதை மறுபடி மறுபடி விளக்கியிருந்தார்கள். அதுவும் ஒரே மாதிரி அல்ல. ஒருவர் 'பேஸ் அட்ரஸ்' என்பார், இன்னொருவர் 'ரிஜிஸ்டர் பகுதி' என்பார், மூன்றாமவர் 'மெமரி மேப்' என்பார். புதிதாகப் படிக்க வருகிறவன் இது மூன்று விஷயமா, ஒரே விஷயமா என்று எப்படிக் கண்டுபிடிப்பான்?

"விளக்கம் கூட இருந்தால் நல்லதுதானே, புதுசா வர்ற பையனுக்கு உதவுமே" என்பது பலருடைய கட்சி. நான் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். எங்கள் வீட்டில் ரேஷன் கார்டுக்கு அடுத்து வந்த அச்சுக் காகிதம் என்னுடைய பாடப் புத்தகம்தான். பத்தாவது வரை தமிழ் மீடியம். இங்கிலீஷில் ஒரு பக்கம் படிக்க எனக்கு அரைமணி நேரம், பக்கத்தில் அகராதி. அப்படிப்பட்டவனுக்கு வேண்டாத வரி உதவி இல்லை, சுமை! நன்றாக இங்கிலீஷ் தெரிந்தவர் கண்ணை ஓட்டித் தாண்டிவிடுவார். எதைத் தாண்டலாம் என்று எனக்குத்தான் தெரியாது.

2019-ல் வந்த கர்னல் 5.0 தொடங்கி, இந்த விளக்கங்களை யாமல் என்ற வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு வருகிறார்கள். மனிதர் படிப்பதையே கம்ப்யூட்டரும் படித்து, 'இந்த விவரக் கோப்பு தப்பு' என்று சொல்லும். பொதுவான விதிகளை டிடி-ஸ்கீமா என்ற ஒரே இடத்தில் வைத்தார்கள். அதோடு களையெடுப்பும் நடந்தது. பட்டியலில் இரண்டு பெயர் இருந்தால் எண்ணிக்கை இரண்டு என்று கருவியே புரிந்துகொள்ளும், அதைத் தனியாக எழுதத் தேவையில்லை என்று 2021-ல் நீக்கினார்கள். 'மைக்ரோவோல்ட்' என்று முடியும் பெயருக்கு அது எந்த வகை எண் என்று ஒவ்வொரு கோப்பிலும் சொல்ல வேண்டியதில்லை. தலைப்பில் 'டிவைஸ் ட்ரீ பைண்டிங்' என்று இருந்ததைக்கூட 2022 டிசம்பரில் வெட்டினார்கள். பைண்டிங் அடைவுக்குள் இருப்பது பைண்டிங்காக இல்லாமல் பிட்டு நோட்டீஸாகவா இருக்கும்!

வெட்டக்கூடாததும் உண்டு. ஒரு சாதனத்துக்கு இரண்டு கிளாக் என்றால் முதலாவது பஸ்ஸுக்கு, இரண்டாவது வேலைக்கு என்று சொல்லியே ஆக வேண்டும். வரிசை மாறினால் போர்டு எழுந்திருக்காது. அந்தச் சாதனத்துக்கு மட்டும் உரிய செய்தி அது. சுற்றியிருந்த குப்பை போனபிறகு அந்த வரி பளிச்சென்று கண்ணில் படுகிறது பாருங்கள், அதுதான் லாபம்.

எனக்கு ஒரு குறை இருக்கிறது. டிடி-ஸ்கீமா கர்னலுக்கு வெளியே தனியாக இருக்கிறது. கர்னலை மட்டும் பென்டிரைவில் வாங்கிப்போய், நெட் இல்லாத ஊரில் உட்கார்ந்து படிப்பவன் 'ரெக் என்றால் என்ன?' என்று எங்கே போய்த் தேடுவான்? கிளாக் பற்றிய பொதுக் கோப்பு அங்கே குடிபோனபோது, பழைய இடத்தில் 'இடம் மாறிவிட்டது' என்று முகவரி எழுதி வைத்தார்கள். இதைப்போல எல்லாவற்றுக்கும் செய்தால்தான் நியாயம். வெட்டுவது சரி, வழியையும் காட்டு!

நல்லவேளை, பைண்டிங் அடைவிலேயே 'எக்ஸாம்பிள்-ஸ்கீமா' என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் மட்டும் ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்திலேயே விளக்கம் உண்டு. ஆயிரம் கோப்பில் சிதறிக் கிடப்பதை யார் தமிழில் கொண்டுவர முடியும்? ஒரே இடத்தில் இருந்தால் முடியும். சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் என்று மொழிபெயர்ப்புகளுக்குக் கர்னலுக்குள்ளேயே தனி அடைவு வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கோப்பைத் தமிழில் எழுத ஆரம்பித்துவிட்டேன், பாதி வந்திருக்கிறது. 'பேண்டில்' என்பதற்கு மட்டும் நல்ல தமிழ்ச் சொல் கிடைக்கவில்லை. இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்த தோழர்கள் இரண்டு பேர் கைகொடுத்தால் செமஸ்டருக்குள் முடித்து, பிரிண்ட் எடுத்து லேப் சுவரில் ஒட்டிவிடலாம். சனிக்கிழமை மாலை எலக்ட்ரானிக்ஸ் லேப் வாசலில் இருப்பேன்.

— மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் மாணவன்