வெரிகோசீல்: 'கத்தி இல்லாத' சிகிச்சை எல்லோருக்கும் தேவையா?

'கத்தி இல்லை, தையல் இல்லை, அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்'. வெரிகோசீல் என்று ஒருமுறை போனில் தேடினால் போதும், இப்படிப்பட்ட விளம்பரங்கள் வரிசைகட்டி வரும். இதில் எவ்வளவு உண்மை?

வெரிகோசீல் என்றால் என்ன?

காலில் நரம்புச் சுருட்டல் வருமே, அதுவே விதைப்பையில் வந்தால் வெரிகோசீல். சிரைகளில் உள்ள வால்வுகள் சரியாக மூடாததால் ரத்தம் தேங்கிக் குழாய்கள் வீங்குகின்றன. பெரும்பாலும் இடதுபக்கம்தான் வரும். ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இது உண்டு. தேங்கும் ரத்தத்தால் விதைப்பையின் சூடு கூடி, விந்தணு உற்பத்தி பாதிக்கப்படலாம்.

என்னென்ன வழிகள்?

மைக்ரோசர்ஜரி: இடுப்பு மடிப்புக்கு அருகே சின்ன வெட்டு. மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, வீங்கிய சிரைகளை மட்டும் கட்டிவிடுவார்கள். மீண்டும் வருவதும், விதைப்பையில் நீர் கோப்பதும் இதில்தான் குறைவு.

லேப்ராஸ்கோப்பி: வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா உதவியுடன் செய்வது. முழு மயக்கம் கொடுக்க வேண்டும்.

எம்போலைசேஷன்: கழுத்து அல்லது தொடை மடிப்புச் சிரை வழியாக மெல்லிய குழாயை அனுப்பி, பழுதான சிரையை உலோகச் சுருளால் அடைப்பது. விளம்பர வாசகத்துக்கு நெருக்கமானது இதுதான். ஆனால், சிலருக்குச் சிரைக்குள் குழாயைச் சரியாகச் செலுத்த முடியாமல் போகலாம்.

யாருக்குத் தேவை?

'எப்படிச் செய்வது' என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. மருத்துவர் கையால் தொட்டே உணரக்கூடிய வெரிகோசீல், விந்தணுப் பரிசோதனையில் குறைபாடு, குழந்தைக்கான முயற்சி பலிக்காதது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் சிகிச்சை பரிந்துரைக்கப்படும். தீராத வலி இருந்தாலும், வளரும் பையன்களுக்கு விதை சுருங்கினாலும் யோசிக்கலாம். ஸ்கேனில் மட்டும் தெரியும் வெரிகோசீலுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்கின்றன அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல்கள். ரிப்போர்ட் நார்மல், வலியும் இல்லை என்றால் அவசரப்படத் தேவையில்லை.

ரிசல்ட் எப்போது?

விந்தணு உருவாகி முதிர சுமார் 3 மாதம் ஆகும். அதன் பிறகே மறுபரிசோதனை. விந்தணு எண்ணிக்கை கூடினாலும் கர்ப்பம் உறுதி என்று யாரும் சொல்ல முடியாது. மனைவிக்கு வயது கூடுதல் என்றால், இந்தக் காத்திருப்பையும் கணக்கில் எடுத்தே முடிவெடுக்க வேண்டும்.

குழந்தை இல்லை என்றதும் நம் வீடுகளில் முதல் டெஸ்ட் மனைவிக்குத்தான். கணவருக்கான விந்தணுப் பரிசோதனைக்கு ஊசிகூடக் கிடையாது. அதையும் கூடவே செய்துவிட்டால், பல மாத அலைச்சல் மிச்சம்.